தாய் ஊட்டிய கிளி: நம்பிக்கையின் ஒரு சின்ன வரலாறு

கிளி வளர்ப்பவர்களிடம் பேசினால் முதல் கேள்வியே இதுதான்: "கையில் வளர்ந்ததா, பெத்தது வளர்த்ததா?"

கண் திறக்காத குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து, சிரிஞ்சில் மாவு கரைத்து மனிதர்கள் ஊட்டி வளர்த்தால் அது 'ஹேண்ட் ஃபெட்'. கடைக்கு வரும்போதே தோளில் ஏறி உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடிக்கும். விலையும் அதிகம். அம்மாவும் அப்பாவும் கூட்டுக்குள்ளேயே இரை கக்கி ஊட்டி, இறகு முளைத்து, தானே கொறிக்கக் கற்றுக்கொண்டு வெளியே வந்தது இரண்டாவது வகை. இது மனிதக் கையைப் பார்த்ததும் கூண்டின் எதிர் மூலைக்குப் பறக்கும். விலை குறைவு. கடைக்காரரே "இது சேராது சார்" என்று சொல்லிவிடுவார்.

உண்மையிலேயே சேராதா? மனிதன் கிளி வளர்க்கத் தொடங்கி இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சிரிஞ்சும் மாவும் பெரிய அளவில் வந்து ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் எப்படிச் சேர்த்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கம்பிக் காலம்

மேற்குலகில் கிளியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று கி.மு. 400ஐ ஒட்டி எழுதப்பட்டது. எழுதியவர் தெசியாஸ் என்ற கிரேக்க மருத்துவர். பாரசீக மன்னர் இரண்டாம் அர்தசெர்க்ஸிசின் அரண்மனையில் வேலை பார்த்தவர். இந்தியாவிலிருந்து வந்த ஒரு பறவை மனிதனைப் போலவே இந்திய மொழி பேசுகிறது என்றும், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்றும் வியந்து எழுதியிருக்கிறார். அதாவது கிளி என்பது மேற்கே போன நம்மூர் ஏற்றுமதிச் சரக்கு. பெரிய பச்சைக்கிளியை இன்றும் ஆங்கிலத்தில் அலெக்சாண்டரின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அந்தச் சரக்கை வாங்கியவர்கள் அதை எப்படி நடத்தினார்கள்? கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் சொல்கிறார்: கிளியின் தலை அதன் அலகைப் போலவே கெட்டியானது, ஆகவே பேசக் கற்றுக்கொடுக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது! அடுத்த நூற்றாண்டில் அபுலேயஸ் என்ற எழுத்தாளரும் அதே இரும்புக் கம்பியைச் சொல்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார். இரண்டு வயதுக்கு உட்பட்ட இளங்கிளிதான் எளிதாகக் கற்கும், முதிர்ந்த கிளி கற்காது, கற்றாலும் மறந்துவிடும் என்று.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் அன்றைய நிலைமை புரியும். கிளியைப் பழக்க அவர்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, சின்னதாகப் பிடிப்பது. இரண்டு, பயமுறுத்திப் பணிய வைப்பது. கிளி வாய் திறந்துவிட்டால் 'பழகிவிட்டது' என்று கணக்கு. பழகுவது வேறு, பணிவது வேறு என்ற யோசனையே அங்கே இல்லை.

நம் பக்கம் கதை வேறு மாதிரி. காமசூத்திரம் சொல்லும் 64 கலைகளில் கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்றுக்கொடுப்பதும் ஒன்று. இசை, நடனம், ஓவியம் இருக்கும் அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது. தமிழில் பார்த்தால் கிளிக்கு இரட்டை வேடம். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் அது திருட வரும் எதிரி. கதிர் முற்றும் காலத்தில் பெண்கள் பரண் மேல் உட்கார்ந்து கிளி ஓட்டியதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதே கிளி மதுரையில் மீனாட்சியின் கையில் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையிலும் இருக்கிறது. ஆண்டாளின் கிளியை இலைகளால் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். வயலில் விரட்டிய பறவையைத்தான் தெய்வத்தின் கையில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். தினையை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது திரும்ப வரும்.

பருந்துக்காரர்களிடம் கற்றது

பறவையின் நம்பிக்கையைப் பெறுவதைப் பற்றி முதன்முதலில் ஆழமாக யோசித்தவர்கள் கிளிக்காரர்கள் அல்ல, வேட்டைக்காக வல்லூறு பழக்கியவர்கள். அவர்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. கிளியைக் கூண்டில் பூட்டி வைக்கலாம். வேட்டைப் பறவையைத் திறந்த வானத்தில் விட்டாக வேண்டும். போனது திரும்பி வர வேண்டும். அடித்துப் பழக்கினால் திரும்பி வராது. அவ்வளவுதான், போட்ட முதல் போயிற்று!

13ஆம் நூற்றாண்டில் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் (1194–1250) இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். பறவையைக் கைக்கும் குரலுக்கும் மனித முகத்துக்கும் படிப்படியாக, இரையைக் காட்டிக்காட்டிப் பழக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நூலின் கையெழுத்துப் படி ஒன்று வாடிகனில் இருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக் காக்கட்டூவின் ஓவியங்கள் இருப்பதை 2018இல் ஆய்வாளர்கள் உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். எகிப்து சுல்தான் அல்-காமில் பேரரசருக்கு அனுப்பிய பரிசு அது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள தீவுகளிலிருந்து புறப்பட்ட ஒரு கிளி, கை மாறிக் கை மாறி அந்தக் காலத்திலேயே இத்தாலி வரை போயிருக்கிறது.

நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறொன்று. கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்தது ஒரு வகை, பெற்றோரிடம் வளர்ந்து பறக்கத் தொடங்கிய பின் பிடித்தது இன்னொரு வகை என்று வல்லூறுக்காரர்கள் அன்றே பிரித்து வைத்திருந்தார்கள். முதல் வகை சீக்கிரம் சேரும், ஆனால் கத்திக்கொண்டே இருக்கும், வேட்டையில் சுமார். இரண்டாவது சேர நேரம் எடுக்கும், ஆனால் சேர்ந்துவிட்டால் முழுமையான பறவை. ஏனென்றால் அதற்கு வேண்டிய பாடத்தை அதன் பெற்றோர் ஏற்கெனவே நடத்தி முடித்திருப்பார்கள். இன்றைக்குக் கிளிக்கடையில் கேட்கும் அதே கேள்விக்கு எழுநூறு வருடத்துக்கு முன்பே பதில் தயாராக இருந்திருக்கிறது.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜி

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. (அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதை நாம் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.) 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு இவற்றை உயிரோடு கொண்டு வந்தார். அங்கே குடியேறியிருந்த அவருடைய மைத்துனர் சார்லஸ் காக்ஸன் வளர்த்துக் கொடுத்தவை அவை. சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய வீடுகளிலேயே முட்டையிட்டுப் பெருகிவிட்டன.

பட்ஜியின் சிறப்பு என்னவென்றால், அதை யாரும் பெரிதாகச் சிரிஞ்சில் வளர்ப்பதில்லை. ஒரு மரப்பெட்டியையோ பானையையோ தொங்கவிட்டால் போதும், முட்டையிட்டு அதுவே ஊட்டி வளர்த்துவிடும். ஆகவே உலகத்து வீடுகளில் இருக்கும் பட்ஜிகளில் பெரும்பாலானவை தாய் ஊட்டியவைதான். "தாய் ஊட்டிய கிளி சேராது" என்பது உண்மையானால் பேசும் பட்ஜியே இருந்திருக்கக் கூடாது.

ஆனால் இருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில் 1954இல் பிறந்த ஸ்பார்க்கி வில்லியம்ஸ் என்ற பட்ஜி, 1958இல் பிபிசி நடத்திய பேசும் பறவைகளுக்கான போட்டியில் வென்றது. 500க்கும் மேற்பட்ட சொற்கள் அதற்குத் தெரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இசைத்தட்டு வெளியிட்டார்கள், பறவைத் தீனி விளம்பரத்தில் வந்தது. 1962இல் இறந்தபின் பாடம் செய்யப்பட்டு நியூகாசில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. வளர்த்தவர் ஒரு சாதாரணப் பெண்மணி. ஆய்வகம் கிடையாது, இரும்புக் கம்பியும் கிடையாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சொற்களைச் சலிக்காமல் திரும்பச் சொன்னதுதான் முறை.

சிரிஞ்ச் எப்படி வந்தது? ஒரு வணிகக் கதை

சரி, அப்படியானால் கையில் ஊட்டும் முறை ஏன் வந்தது? இதற்குப் பறவையியலைவிட வணிகவியல்தான் நல்ல விளக்கம் தருகிறது. (நம்ம டிபார்ட்மென்ட்!)

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெருங்கிளிகள் காட்டில் பிடிக்கப்பட்டே விற்கப்பட்டன. தென் அமெரிக்காவிலிருந்து அமேசான் கிளிகள், மக்காவ்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சாம்பல் கிளிகள். 1980களில் அமெரிக்கா மட்டுமே ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பறவைகளை இறக்குமதி செய்தது. வழியில் செத்தவை தனிக் கணக்கு. வந்து சேர்ந்தவை மனிதனைக் கண்டாலே அலறின. தடித்த தோல் கையுறை போட்டுப் பிடித்து, துண்டில் சுற்றி, சிறகை வெட்டி, எதிர்க்க முடியாமல் ஓயும்வரை கையில் வைத்திருப்பதுதான் அன்றைய 'பழக்குதல்'. பிளினியின் கம்பிக்கு வாரிசு அந்தக் கையுறை.

1973இல் கையெழுத்தான சைட்டிஸ் உடன்படிக்கை இந்த வணிகத்துக்கு முதல் கடிவாளம் போட்டது. அமெரிக்கா 1992இல் காட்டுப்பறவைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பறவைக் காய்ச்சலை ஒட்டி 2005இல் தற்காலிகமாகவும் 2007இல் நிரந்தரமாகவும் காட்டுப்பறவை இறக்குமதியை நிறுத்தியது. வரத்து அடைபட்டது, ஆனால் தேவை குறையவில்லை. உள்ளூர் வளர்ப்பாளர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

இங்கேதான் சிரிஞ்ச் லாபகரமாகிறது. முட்டையையோ குஞ்சையோ சீக்கிரம் எடுத்துவிட்டால் தாய்க்கிளி மறுபடி முட்டையிடும். அதாவது ஒரே ஜோடியிலிருந்து ஆண்டுக்குக் கூடுதல் உற்பத்தி. அதோடு, கையில் வளர்ந்த குஞ்சு முதல் நாளே வாங்குபவரின் தோளில் ஏறும். கூடுதல் விலைக்கு வேறு என்ன காரணம் வேண்டும்? மாதக்கணக்கில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டிய நம்பிக்கையை ரெடிமேடாகப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். வாங்குபவர் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார், வளர்ப்பவர் லாபம் பார்க்கிறார். செலவு யார் கணக்கில் விழுகிறது?

கிளியின் கணக்கில்தான்.

மிச்சம் பிடித்ததற்குக் கொடுத்த விலை

பிறந்தவுடன் பார்க்கும் உயிரையே தன் இனம் என்று சில பறவைகள் மனதில் பதித்துக்கொள்கின்றன என்பதை ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரென்ஸ் 1935இல் விரிவாக எழுதினார். வாத்துக் குஞ்சுகள் அவர் பின்னால் வரிசையாக நடந்து போகும் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். கிளியில் இந்தப் பதிவு வாத்தைப் போல ஒரே நாளில் முடிவதில்லை. ஆனால் சின்ன வயதில் யாரோடு வளர்ந்தது என்பது கிளிக்கும் ஆயுள் முழுக்கத் தொடரும் விஷயம்.

சுவிட்சர்லாந்தில் ஷ்மிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வீடுகளில் வளரும் சாம்பல் கிளிகளை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்து வாரம் ஆகும் முன்பே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட கிளிகளிடம், ஒரே அசைவைக் காரணமின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் கோளாறு அதிகமாகத் தென்பட்டது. கையில் வளர்ந்தவை வளர்ந்த பிறகும் குஞ்சு மாதிரி இரை கேட்டுக் கெஞ்சின. குடும்பத்தில் ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் கடிக்கும் போக்கும் அவற்றிடம் கூடுதல். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. கிளியாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களிடமிருந்து பிரித்துவிட்டோம். அதற்கு மனிதனும் ஆகத் தெரியாது, கிளியாகவும் தெரியாது.

அப்படியானால் தாயிடம் விட்டால் காட்டுத்தனம், கையில் எடுத்தால் கோளாறு என்று இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஏங்கஸ், மில்லம் என்ற இருவர் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிகளின் குஞ்சுகளைப் பெற்றோரிடமே விட்டார்கள். ஆனால் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் கூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்து, கையில் வைத்துத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். 1999இல் வெளியான அவர்களின் முடிவு: இப்படிக் கையாளப்பட்ட குஞ்சுகள், கை படாமல் வளர்ந்தவற்றைவிடத் தெளிவாக மனிதரோடு சேர்ந்தன. தாயும் இருந்தாள், கையும் பழகியது. கட்டாயமாக ஒன்றை இழக்க வேண்டியதே இல்லை.

நெதர்லாந்து ஒருபடி மேலே போனது. தானாக இரை எடுக்கும் வயதுக்கு முன் கிளிக் குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற விதி அங்கே 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, நம் கடைக்காரர் 'இரண்டாம் தரம்' என்று ஒதுக்கும் தாய் ஊட்டிய கிளிதான் அங்கே சட்டம் கேட்கும் கிளி.

"வேண்டாம்" என்று சொல்லும் உரிமை

தானே இரை தேடும் வயதில், கை பழகாமல் நம் வீட்டுக்கு வந்துவிட்ட கிளியை என்ன செய்வது? இதற்கான பதில் இரண்டு திசைகளிலிருந்து வந்தது.

ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கா. 1943இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலையின் மாடியில் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து ராணுவத்துக்காக ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் கருவிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு புறா பந்தை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் கையாலேயே தீனி கொடுத்துப் பார்த்தார்கள். நிமிடங்களில் புறா பந்தைத் தள்ளி விளையாட ஆரம்பித்துவிட்டது! அங்கே இருந்த மாணவர் கெல்லர் பிரெலண்டும் அவர் மனைவி மரியனும் 1947இல் இதையே தொழிலாக்கினார்கள். பல வகை விலங்குகளையும் பறவைகளையும் அடியே இல்லாமல் பழக்கினார்கள். சரியான அசைவு நடந்த அந்த நொடியை ஒரு 'டிக்' ஒலியால் சுட்டி, பிறகு தீனி கொடுக்கும் முறை இவர்கள் வழியாகவே பரவியது.

(இதைப் படித்ததும் எனக்கு நம் கிளி ஜோசியர்தான் நினைவுக்கு வந்தார். கிளி வெளியே வரும், ஒரு சீட்டை எடுத்துப் போடும், ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு உள்ளே போகும். ஸ்கின்னரைப் படிக்காமலே செய்த ஸ்கின்னர் பாடம்! ஆனால் அந்தக் கிளியின் சிறகு வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.)

இரண்டாவது திசை, அலெக்ஸ். 1977 ஜூனில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் சிகாகோ பக்கம் ஒரு கடையில் சுமார் ஒரு வயதான சாம்பல் கிளியை வாங்கினார். பொறுக்கி எடுத்ததல்ல. கடை ஊழியரே ஏதோ ஒன்றை வலையால் பிடித்துக் கொடுத்தார். மனிதரைக் கண்டு மிரண்ட அந்தப் பறவை, 2007 செப்டம்பரில் இறக்கும் முன் 100க்கும் மேற்பட்ட சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்தியது. நிறம், வடிவம், எண்ணிக்கை சொன்னது.

அவர் கையாண்ட முறையின் வேர் ஜெர்மனியின் டீட்மார் டோட் 1975இல் செய்த ஆய்வில் இருக்கிறது. கிளி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மனிதர்கள் ஒரு பொருளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். சரியாகச் சொன்னவருக்கு அந்தப் பொருளே பரிசு. கிளிக்குப் பொறாமை வரும், தானும் சேர்ந்துகொள்ளும். பட்டினியும் இல்லை, அடியும் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, அலெக்ஸுக்கு மறுக்கும் சொல்லும் இருந்தது என்பது. "வேண்டாம்" என்று சொல்லும், "திரும்பப் போகணும்" என்றும் சொல்லும். சொன்னால் கேட்டார்கள். கிளியின் தலையில் இரும்புக் கம்பியால் அடித்த வரலாறு, கிளி "வேண்டாம்" என்றால் மனிதன் நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர இரண்டாயிரம் வருடம் ஆகியிருக்கிறது.

இன்று எப்படிச் செய்கிறார்கள்?

மேலே சொன்ன எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய முறை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கூண்டின் இடம். ஒரு பக்கமாவது சுவர் இருக்க வேண்டும், நம் கண் உயரத்தில் இருந்தால் நல்லது. நாலாபக்கமும் ஆள் நடமாட்டம் இருந்தால் அது இரையாகும் பறவை, நிம்மதியாகவே இருக்காது. முதல் சில நாள்கள் தீனி, தண்ணீர் வைப்பதோடு சரி. பிறகு கூண்டருகில் உட்கார்ந்து நம் வேலையைப் பார்க்க வேண்டும். புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கலாம். (பரீட்சை நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் பரவாயில்லை, கிளி தூங்கினால் அது நம்பிக்கையின் அறிகுறி. :-))

அடுத்தது அதன் உடலைப் படிப்பது. இறகுகளை உடலோடு ஒட்டி, நீண்டு நிமிர்ந்து நின்றால் பயம். ஒற்றைக் காலில் நின்று, இறகைச் சற்றே தளர்த்தி, அலகை மெல்ல அரைத்தால் நிம்மதி. பயம் தெரிந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும். அது கொஞ்சம் தளர்ந்ததும் நாமே பின்வாங்க வேண்டும். முக்கியமான சூட்சுமம் இதுதான். மிரண்ட பறவைக்கு நாம் விலகிப் போவதே முதல் பரிசு. 'நான் அமைதியாக இருந்தால் இந்த ஆள் போய்விடுவான், என் பேச்சுக்கு மதிப்பிருக்கிறது' என்பதை அது கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் தீனி வேலை செய்யும்.

கம்பி வழியாகத் தீனி வாங்கப் பழகியதும் ஒரு சிறு குச்சியின் நுனியைத் தொடப் பழக்குவார்கள். தொட்டால் 'டிக்', ஒரு தீனி. குச்சி எங்கே போகிறதோ கிளி அங்கே வரும், பிறகு கூண்டு வாசல், பிறகு கை. கையைக் கிளியிடம் கொண்டுபோவதில்லை, கிளியே கைக்கு வருகிறது. சில பறவைகளுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள். ஒருநாள் அவசரப்பட்டுப் பிடித்துவிட்டால் பல நாள் சேமிப்பு போய்விடும். வங்கிக் கணக்கு மாதிரிதான், போடும்போது சில்லறையாகப் போடுகிறோம், எடுக்கும்போது மொத்தமாகப் போகிறது.

தீனி என்ன தெரியுமா? உலகம் முழுக்கச் சிறுகிளிகளுக்கு மிகவும் பிடித்த பரிசாகக் கடைகளில் விற்கும் 'மில்லட் ஸ்ப்ரே', பெரும்பாலும் நம் தினைக்கதிரேதான். பரண் மேலிருந்து எதைத் தின்ன விடாமல் கிளியை விரட்டினார்களோ, அதே கதிரைக் கையில் நீட்டிக்கொண்டு "வா, வா" என்று இன்று உலகமே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எல்லைக்கோடு

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது மரப்பொந்தில் கைவிட்டுப் பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வந்துவிடக் கூடாது. நம் செந்தார்ப் பைங்கிளி உட்பட இந்நாட்டுக் கிளிகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். "எங்க வீட்ல தாத்தா காலத்திலேர்ந்து வளர்த்தோமே" என்பது சட்டத்தில் செல்லாது.

சட்டம் இருக்கட்டும், நியாயத்தையும் பாருங்கள். பொந்திலிருந்து திருடிய குஞ்சு நம் கையில் ஒட்டிக்கொள்வது நம்பிக்கையால் அல்ல, அதற்கு வேறு யாரும் இல்லாததால். கையில் எடுத்து ஊட்டி விற்கும் குஞ்சின் பாசத்திலும் அதே சாயல் கொஞ்சம் இருக்கிறது என்பதுதான் இத்தனையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது. போக்கிடம் இல்லாத இடத்தில் காட்டும் அன்பு எவ்வளவு உண்மை என்று அளக்க வழியே கிடையாது.

தாய் ஊட்டிய கிளி அப்படியல்ல. தான் யார் என்று அதற்குத் தெரியும். நாம் இல்லாமலே அது முழுக் கிளி. பயப்படக் காரணம் இருந்தும், விலகிப் போக இடம் இருந்தும், ஒருநாள் அதுவாக ஓர் அடி எடுத்து வைத்து விரலில் ஏறுகிறது என்றால் அந்த ஓர் அடிக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆகவே பட்ஜியோ காக்டெயிலோ வாங்கப் போகும் நண்பர்கள், கடைக்காரர் "இது சேராது" என்று ஒதுக்கும் பறவையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சேரும். நம்மிடம் நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் வாங்காமலே இருப்பது கிளிக்கும் நல்லது, நமக்கும் நல்லது. மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும், இலவசமாகவே பார்க்கலாம்.